கொடுப்பவரின் அறம்

2023 ஜனவரி 25 அன்று வெளியான பத்ம விருதுப் பட்டியலில் திலீப் மஹாலனாபிஸ் என்ற வங்காள மருத்துவரின் பெயர் இருந்தது. பத்ம விபூஷண், அதாவது பாரத ரத்னாவுக்கு அடுத்த நிலையில் உள்ள விருது. அப்போது அவர் இறந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. விருதுக்குக் காரணமான பணியோ 1971-ல் நடந்தது.

வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். காலரா பரவியது. மருத்துவமனையின் இரண்டு அறைகள் நிரம்பி நோயாளிகள் தரையில் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. மஹாலனாபிஸ் உப்பையும் சமையல் சோடாவையும் குளுக்கோஸையும் அளந்து நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். குடலுக்குள் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது உப்பும் நீரும் கூடவே உள்ளே போகும் என்பது ஆய்வகங்களில் அதற்கு முன்பே தெரிந்த உண்மை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். பயிற்சி இல்லாத தாய்மார்கள் கையில் இந்தச் சிகிச்சையை ஒப்படைக்கலாமா என்பதில்தான் மருத்துவ உலகம் தயங்கி நின்றது. பன்காவில் அந்தத் தயக்கத்துக்கு நேரமில்லை. 30 விழுக்காடு அளவுக்கு இருந்த காலரா இறப்பு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இன்று எந்த மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உலகம் நம்பத் தொடங்கியதற்கு அந்த முகாம் ஒரு பெரிய காரணம்.

2002-ல் அமெரிக்காவின் பொலின் பரிசைப் பெற்றவர்களில் மஹாலனாபிஸும் ஒருவர். 2006-ல் தாய்லாந்து அவருக்கு இளவரசர் மகிதோல் விருதைத் தந்தது. அவருடைய சொந்த நாடு அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க 52 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அவருக்காவது இறந்த பிறகு கிடைத்தது. கல்கத்தாவில் அதே நோயோடு போராடிய சம்பு நாத் தே என்ற ஆய்வாளரின் கதை இன்னும் கனமானது. காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் இனம்கண்டபோதே, அது ஒரு நஞ்சைச் சுரக்கலாம் என்று ஊகித்திருந்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த நஞ்சை யாராலும் நிரூபித்துக் காட்ட முடியவில்லை. தே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, அதற்குள் கிருமிகள் வடிகட்டப்பட்ட நீர்மத்தை மட்டும் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் உப்பியது. நோயாளியின் உடலை வற்றச் செய்வது கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு என்பது உறுதியாயிற்று. 1959-ல் நேச்சர் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை காலரா ஆய்வின் போக்கையே திருப்பியது. 1978-ல் காலரா குறித்து நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷ்வா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தவர். ஆனால் இந்தியாவின் அறிவியல் கழகங்கள் எதுவும் தேயை உறுப்பினராகக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசின் பெரிய விருதுகள் எதுவும் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. 1985-ல் அவர் காலமானார்.

இந்த இருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் போகாது. ஓர் அரசு ஓர் அறிஞரைக் கௌரவிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? கௌரவிக்காமல் விடும்போது குறைபட்டுப் போவது யார்? பெறாதவரா, கொடுக்காதவரா?

மதங்களிடம் இதைக் கொண்டுபோனால் முதலில் கிடைக்கும் பதில், விருதையே சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லும். கடமையைச் செய், அதன் பலனில் பற்று வைக்காதே என்பது கீதையின் மையமான போதனை. பௌத்தம் உலகியல்பு என்று எட்டைச் சொல்கிறது: பேறும் இழப்பும், புகழும் இகழும், பாராட்டும் பழியும், இன்பமும் துன்பமும். இவை வந்துபோகும்போது அசையாதிருப்பவனே விடுதலைக்கு அருகில் இருக்கிறான். சமணம் செருக்கை உயிரைக் கறைப்படுத்தும் குற்றங்களில் ஒன்றாக எண்ணுகிறது. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவு, பிறர் காண வேண்டும் என்று தருமம் செய்வதைக் கண்டிக்கிறது. காட்டிக்கொள்வதற்காகச் செய்யப்படும் நற்செயலை இஸ்லாம் ரியா என்று பெயரிட்டே எச்சரிக்கிறது. ஒன்றோடொன்று பல விஷயங்களில் மோதும் இந்த மரபுகள், இந்த ஓரிடத்தில் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. புகழை நாடி உழைப்பவன் உழைப்பையே கெடுத்துக்கொள்கிறான் என்பதே அவற்றின் பொதுக்கருத்து.

இதை வெறும் உபதேசமாக இல்லாமல் வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களில் ஒருவர். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நாட்களில் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர விரும்பியவர். முதலில் மருத்துவம் படி என்று அங்கே அறிவுரை கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் படித்தார். அதைப் பொறுக்காத ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்தியால் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேற நேர்ந்தது. 1920-களில் அமெரிக்கா போனார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஆனார். பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட் வந்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்து வந்தது. தமிழ்நாட்டில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கையில் கொடுத்து விழுங்கச் சொன்ன யானைக்கால் தடுப்பு மாத்திரை அதுதான். தன் பெயரை முன்னால் நிறுத்துவதில் அவர் அக்கறை காட்டியதே இல்லை. 1948-ல், 53 வயதில் இறந்தார். இந்திய அரசு அவருக்காக ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது 1995-ல், அவருடைய நூற்றாண்டில்.

சுப்பாராவுக்கு விருது வராததில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. துறவு மனம் கொண்டவருக்குப் பதக்கம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். இங்கேதான் ஒரு வசதியான நழுவல் நடக்கிறது. ‘உண்மையான அறிஞர்கள் விருதுக்காக ஏங்குவதில்லை’ என்று சொல்லி, கொடுக்க வேண்டியவர்கள் தங்களை விடுவித்துக்கொள்கிறார்கள். பற்றறுத்தல் என்பது பெறுபவருக்குச் சொல்லப்பட்ட அறம். அதைக் கொடுக்க வேண்டியவர் எடுத்துப் பேசும்போது அது அறமாக இருப்பதில்லை. கூலியை எதிர்பாராமல் ஒருவர் உழைத்தார் என்பதால் கூலி தர வேண்டிய கடன் தள்ளுபடி ஆகிவிடுமா? எதிர்பாராமல் உழைத்தவருக்கு உலகம் பட்ட கடன் இன்னும் பெரியது என்று சொல்வதே நேர்மை.

மேலே சொன்ன அதே மரபுகள் கொடுப்பவரின் பக்கத்தையும் பேசத்தான் செய்கின்றன. அதைக் கேட்பவர்கள் குறைவு. செய்ந்நன்றி அறிதலுக்குத் திருக்குறள் ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. பௌத்தத்தில் நன்றியறிதல் உயர்ந்தோரின் இலக்கணம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிகள் வழிவந்த மொழி. பெறுபவர் கேட்கக் கூடாது, கொடுப்பவர் மறக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அறம் முழுமை அடைகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றொன்று அநீதியாகிவிடும்.

தமிழ் மரபில் இந்தச் சிக்கலை ஆழமாகத் தொட்டவர் கபிலர். மலையமான் திருமுடிக்காரி அள்ளிக் கொடுப்பதில் பெயர் பெற்றவன். தன்னைப் புகழ்ந்து பாட வந்த புலவர்களுக்கெல்லாம் வேறுபாடின்றிக் கொடுத்தான். புறநானூற்றின் 121-ஆம் பாட்டில் கபிலர் அவனிடம், கொடுப்பது எளிய வேலை, வந்தவர்களின் தகுதியை அறிவதே அரிய வேலை என்று சொல்லி, எல்லோரையும் ஒரே பார்வையில் பார்ப்பதை விட்டுவிடச் சொல்கிறார். கொடைக்குப் பேர்போன ஒரு மன்னனின் முகத்துக்கு நேரே, உன் கையில் குறையில்லை, உன் கண்ணில்தான் குறை என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் விருதுக் குழுக்கள் தோற்கும் இடம் அதுவேதான். நாணயச் சாலையில் பதக்கம் வார்ப்பது எளிது. 1959-லேயே தேயின் முயல் குடலில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளும் கண் வேண்டும்.

மற்றொரு சங்கப் புலவரான பெருஞ்சித்திரனார் இன்னொரு கோணத்தைக் காட்டுகிறார். வறுமையில் வாடி, மலைகளைக் கடந்து அதியமானைக் காண வந்தவர் அவர். மன்னன் அவரை நேரில் பார்க்காமல், இதைப் பெற்றுக்கொண்டு போகட்டும் என்று பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் மறுத்துவிட்டார். முகம் காணாமல் தரும் செல்வத்தை வாங்கிக்கொள்ளத் தான் வணிகம் செய்ய வந்தவன் இல்லை. தினையளவு தந்தாலும் தன் அறிவை அறிந்து தந்தால் அதுவே இனிது என்றார். பசியோடு இருந்தவர் சொன்னது இது.

இதே சம்பவம் 1835-ல் லண்டனில் வேறு உடையில் நடந்தது. மைக்கேல் ஃபாரடேக்கு ஆண்டுக்கு 300 பவுண்டு அரசு ஓய்வூதியம் தருவதென்று பேச்சு வந்தது. பிரதமர் மெல்போர்ன் பிரபுவைச் சந்திக்கப் போனபோது, அறிவியலாளர்களுக்கும் இலக்கியவாதிகளுக்கும் இப்படி ஓய்வூதியம் தருவதே வெறும் பித்தலாட்டம் என்ற பொருளில் பிரதமர் பேசினார். ஃபாரடே வீடு திரும்பி, ஓய்வூதியம் வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார். மெல்போர்ன் எழுத்தில் வருத்தம் தெரிவித்த பிறகே ஏற்றுக்கொண்டார்.

ஃபாரடே பணத்துக்கு ஆசைப்பட்டவரோ புகழுக்கு ஏங்கியவரோ அல்லர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். கொல்லரின் மகனான அவர், சாண்டிமானியர் என்ற சிறிய கிறித்தவப் பிரிவில் உறுதியான உறுப்பினர். அந்தச் சபையின் மூப்பராகவும் இருந்தவர். பூமியில் செல்வத்தையும் பட்டத்தையும் சேர்ப்பது அவர்களின் நம்பிக்கைக்கு ஒவ்வாதது. சர் பட்டத்தை விரும்பவில்லை. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியை இரண்டு முறை மறுத்தார். அரசர்களும் நியூட்டனும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை; ஹைகேட்டில் எளிய கல்லறைக்குக் கீழே கிடக்கிறார். இப்படிப்பட்டவர் 300 பவுண்டு ஓய்வூதியத்தில் மரியாதைக்காக ஏன் பிடிவாதம் பிடித்தார்? அவருக்கு அங்கே இழிவுபடுவது தான் அல்ல, தான் செய்யும் தொழில் என்று தோன்றியிருக்க வேண்டும். தன் பெருமையைத் துறப்பது அவரவர் உரிமை. அறிவின் பெருமையைப் பிறர் மிதிக்க அனுமதிப்பது துறவில் சேராது.

*

கபிலர் பேசியது ஒரு மனிதனிடம். அரசு என்பது மனிதன் இல்லையே, அதற்கு நன்றி என்ற உணர்வு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு வலுவான சான்றுகளும் இருக்கின்றன.

வெர்னர் ஃபான் பிரவுனுக்கு 1944-ல் ஹிட்லரின் அரசு போர்ச் சேவைக்கான வீரச்சிலுவை விருதைத் தந்தது, வி-2 ஏவுகணைக்காக. அந்த ஏவுகணைகள் மிட்டல்பாவ்-டோரா முகாமில் அடிமைக் கைதிகளின் உழைப்பில் செய்யப்பட்டன. அங்கே சுமார் 20,000 பேர் மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதே மனிதருக்கு 1975-ஆம் ஆண்டுக்கான தேசிய அறிவியல் பதக்கத்தை அமெரிக்கா தந்தது. மனிதரை நிலவுக்கு அனுப்பிய ராக்கெட்டுக்காக. இரண்டு விருதுகளுக்கும் அடிப்படை ஒரே அறிவு. கொடுத்த இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று பகை. இரண்டுமே அந்த அறிவைத் தங்களுக்கு என்ன பயன் என்ற கண்ணோடுதான் பார்த்தன. டோராவின் சுரங்கங்களில் செத்தவர்கள் இரண்டு பாராட்டுரைகளிலும் இடம்பெறவில்லை.

ஆந்திரேய் சகாரோவின் கதை மறுபுறம் திரும்பியது. சோவியத் ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். மூன்று முறை சோஷலிச உழைப்பு வீரர் விருது பெற்றார். மனித உரிமைக்காகக் குரல் கொடுக்கத் தொடங்கிய பிறகு, 1980 ஜனவரியில் ஓர் ஆணையால் எல்லா அரசு விருதுகளும் பறிக்கப்பட்டு, நாட்டுக்குள்ளேயே கோர்க்கி நகருக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டார். அவருடைய இயற்பியல் அப்போது தவறாகிவிட்டதா? அரசு பறித்தது தான் கொடுத்ததை மட்டுமே. அது சாதனையைக் கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் முடியாது. அரசின் கௌரவம் எவ்வளவு ஆழம் என்று அளக்க இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைக்காது.

இந்திய அரசமைப்பை எழுதியவர்கள் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தார்கள். ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் தவிர வேறு பட்டம் எதையும் அரசு தரக் கூடாது என்று 18-ஆவது பிரிவில் எழுதி வைத்தார்கள். ராவ் பகதூர்களும் திவான் பகதூர்களும் மலிந்திருந்த நாட்டில் அது ஒரு விடுதலை அறிவிப்பு. 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தபோது, இது பின்வாசல் வழியாகப் பட்டங்களைக் கொண்டுவருவது ஆகாதா என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1977-ல் ஜனதா அரசு விருதுகளை நிறுத்தியது. 1980-ல் அவை திரும்பின. கடைசியில் பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பட்டங்கள் இல்லை. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது. சிறந்து விளங்க முயல்வது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்பே சொல்லும்போது, சிறந்ததை அடையாளம் காணும் ஏற்பாடும் இருக்கலாம் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பில் தத்துவம் இருக்கிறது. பட்டம் ஒரு மனிதனை மற்றவர்களுக்கு மேலே ஏற்றி வைக்கிறது. விருது அவர் செய்த ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறது. சமமானவர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பார்த்து ‘நீ செய்தது எங்களுக்குப் பயன்பட்டது’ என்று சொல்வதில் சமத்துவம் குலைவதில்லை. அப்படியானால் அந்த ‘எங்களுக்கு’ என்பதுதான் கொடுப்பவர். அரசு அந்தக் கொடையை ஏந்தி வரும் கை மட்டுமே. ஹிட்லரின் அரசும் சகாரோவைத் தண்டித்த அரசும் தவறியது இங்கேதான். மக்களின் நன்றியைச் சொல்லும் இடத்தில் தங்கள் தேவையை வைத்தன.

சுட்டிக்காட்டுவதிலும் எளிதில் தீராத ஒரு சிக்கல் உண்டு. எதைச் சுட்டிக்காட்டினாலும் அது ஒரு விரலின் நேர்க்கோட்டில் ஒருவரிடம்தான் போய் நிற்கும். அறிவியலோ அப்படி விளைவதில்லை. ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28-ஐ நினைவுகூர்ந்து, அந்நாளை இந்தியா அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. அந்த ஒளிச்சிதறல் விளைவை முதலில் அறிவித்த நேச்சர் கட்டுரையில் சி.வி. ராமனோடு இன்னொரு பெயரும் இருந்தது: கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்பில் பிறந்தவர். 1930-ன் நோபல் ராமனுக்கு மட்டும் போனது. 1954-ல் இந்திய அரசு ராமனுக்குப் பாரத ரத்னாவும் கிருஷ்ணனுக்குப் பத்ம பூஷணும் தந்தது. அதே ஆண்டு, குவாண்டம் புள்ளியியலுக்கு வித்திட்ட சத்யேந்திரநாத் போஸுக்குப் பத்ம விபூஷண். மூன்று இயற்பியலாளர்கள், மூன்று படிகள். 1958-ல் முதல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிருஷ்ணனுக்குக் கிடைத்தபோது ஓரளவு சரிக்கட்டப்பட்டதாகச் சொல்லலாம். படிகளை வைத்து அளக்க முடியாத ஒன்றைப் படிகளில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

எந்தப் பொருளும் தனித்துத் தோன்றுவதில்லை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கோட்பாடு. மணிமேகலையின் இறுதிக் காதை அந்தச் சார்புகளைப் பன்னிரண்டாக அடுக்கிக் காட்டுகிறது. துன்பம் எப்படித் தோன்றுகிறது என்று விளக்க எழுந்த கோட்பாடு அது. ஆயினும் ஓர் அறிவியல் கண்டுபிடிப்பின் பிறப்பைப் பார்க்கவும் அதைவிடத் தெளிவான கண்ணாடி இல்லை. கருவியைப் பழுதுபார்த்தவர், கண்ணாடிக் குழாயை ஊதியவர், தோற்றுப்போன முந்தைய சோதனைகள், ஊதியம் கொடுத்த வரிப்பணம், வீட்டுச் சுமையைத் தாங்கியவர் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். ‘இது என் சாதனை’ என்று அறிவியலாளர் சொல்ல முடியாது என்பது ஆன்மிக உபதேசமாக இருக்கத் தேவையில்லை. ஆய்வகத்தின் அன்றாட உண்மையே அதுதான்.

2022-ல் அறிவியல் துறைகள் தந்துவந்த ஏராளமான விருதுகளை ஒன்றிய அரசு மறுஆய்வு செய்து, பெரும்பாலானவற்றை நிறுத்த முடிவெடுத்தது. அவற்றின் இடத்தில் வந்தது ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார். 2024 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் முதல் முறையாக 33 விருதுகள் வழங்கப்பட்டன. தலைசிறந்ததான விஞ்ஞான் ரத்னா, உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபனுக்கு. ரொக்கப் பரிசு கிடையாது. பதக்கமும் சான்றிதழும் மட்டும். பட்நாகர் பரிசோடு வந்துகொண்டிருந்த ரூ.5 லட்சமும் நின்றுபோனது. இதில் பலருக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒன்றை மனமாரப் பாராட்ட வேண்டும். குழுவுக்கென்றே ஒரு விருது வைத்தார்கள். முதல் முறை அது சந்திரயான்-3 குழுவுக்குப் போனது. அதை முன்னின்று நடத்திய ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று தமிழகம் பெருமைப்பட்டது நியாயம்தான். அவர் பெற்றுக்கொண்டது பெங்களூரிலும் மகேந்திரகிரியிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் உழைத்த பெருங்கூட்டத்தின் பொருட்டு என்பது அதைவிடப் பெரிய விஷயம். சார்பின் தோற்றத்தை ஓர் அரசு ஆவணம் இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டது அரிது.

ஆனால் குழு என்பதன் எல்லை எங்கே முடிகிறது? செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குள்ள வல்லுநர்களால் கண்டுபிடிக்க முடியாத மலைப்பாம்புகளைத் தடம் பார்த்தே பிடித்துக் காட்டியவர்கள். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி முறிமருந்து தயாராகிறது. கடிபட்டு ஊசி போட்டுப் பிழைக்கும் இந்தியர்களில் பெரும்பகுதியினர் தங்கள் உயிருக்கு இந்த மக்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டவர்கள். மண்ணில் பதிந்த சுவட்டைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று சொல்வது ஊர்வன அறிவியல்தான். அரசு அவர்களுக்கு விருது தந்தது ‘சமூகப் பணி’ என்ற பிரிவில். கொடுத்தார்கள், மகிழ்ச்சி. தகுதியை அறிந்து கொடுத்தார்களா என்று கபிலர் இருந்தால் கேட்டிருப்பார். அறிவை அறிவு என்று அழைக்காமல் தொண்டு என்று அழைத்துப் பதக்கம் தருவது பாதிக் கௌரவம்.

சான்றிதழ் இல்லாத அறிவைக் காண மறுப்பது படித்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அன்னா மணி, ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்து, தனியாகவே ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். 1945-ல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தில் இருக்கிறது. அவர் அதற்காகக் கலங்கியதாகத் தெரியவில்லை. இந்தியாவின் வானிலைக் கருவிகளைத் தரப்படுத்தும் பெரும்பணியை எடுத்துச் செய்தார். மறுபடியும் அதே கணக்குதான்: பெறாதவர் குறைபடவில்லை.

2016 முதல் பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் இணையத்தில் யாரையும் பரிந்துரைக்கலாம். கொடுப்பவர் மக்கள்தான் என்றால் தகுதியை அறியும் கடமையும் மக்களுடையதாகிறது. ஊரில் நாற்பது ஆண்டு மரபு விதைகளைக் காத்துவருபவரையும், அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் பழைய கருவிகளை ஓடவைப்பவரையும் டெல்லியில் உட்கார்ந்திருக்கும் குழு தானாகக் கண்டுபிடிக்காது. பக்கத்தில் இருப்பவர் எழுதிப் போட வேண்டும். திரைக் கலைஞர்களுக்கு ஏன் தரவில்லை என்று ஜனவரி தோறும் எழும் ஆவேசத்தில் கொஞ்சத்தை முந்தைய ஆண்டிலேயே இதற்குச் செலவிட்டால் போதும்.

விருதுக்கு முன்னால் தர வேண்டியவையும் இருக்கின்றன. 1903-ல் பிரான்ஸ் அரசு பியர் கியூரிக்கு லெஜியன் ஆஃப் ஹானர் தர விரும்பியது. அலங்காரம் தேவையில்லை, ஆய்வகம்தான் மிகவும் தேவை என்று பதில் அனுப்பினார். அவரும் மேரியும் ரேடியத்தைப் பிரித்தெடுத்தது மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகையில். 1906-ல் பாரிஸ் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் இறந்தார். அவர் ஏங்கிய வகையில் ஓர் ஆய்வகம், ரேடியம் கழகம், கட்டி முடிந்தது 1914-ல்.

இந்தியாவிலும் இந்தக் கோரிக்கை பழையதாகிவிடவில்லை. இளநிலை ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக 2023-ல் உயர்ந்தது, மாணவர்கள் பலமுறை வீதிக்கு வந்த பிறகு. அந்தத் தொகையும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார் ஆண்டுதோறும் எழுகிறது. வாடகை கொடுக்கக் கடன் வாங்கும் இருபத்தாறு வயது ஆய்வாளரிடம் பலனில் பற்று வையாதே என்று சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. அடுத்த விருது விழாவுக்குத் தேதி குறிப்பதற்கு முன், அந்த நிலுவை தீர்க்கப்பட்டிருக்க வேண்டும்.